முதலில் தரையைப் பாருங்கள், தம்பி

கேள்வி: அப்பா விட்டுப்போன இரண்டு கதவு வேலியண்ட் கார், ஸ்லான்ட் சிக்ஸ் என்கிற 225 ஆறு சிலிண்டர் எஞ்சின், 11 வருடமாகப் பின்கட்டில் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. வி8 என்கிற எட்டு சிலிண்டர் எஞ்சின் போட்டு, ஆரஞ்சு பெயிண்ட் அடித்து, சீறிப் பாயும் மசில் காராக்கி ஓட்ட ஆசை. மாதம் 2,000 ராண்டுக்கு மேல் முடியாது. எதில் தொடங்குவது?
– வாசகர், மேர்பேங்க்

பதில்: தம்பி, அப்பாவின் காரை இரும்புக் கடைக்குத் தள்ளாமல் வைத்திருக்கிறீர்களே, அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம். இன்றே அந்தத் தார்ப்பாயை எடுத்துவிடுங்கள். கடல் காற்றும் டர்பன் நகரப் புழுக்கமும் சேர்ந்தால் தார்ப்பாய்க்குள் வண்டி வியர்த்துக்கொண்டே இருக்கும். மேலே கூரை, சுற்றிலும் காற்று, அது போதும்.

அடுத்து ஒரு குவளைத் தண்ணீர், ஒரு டார்ச். கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் பக்கம் காற்று போகும் சல்லடை இருக்கிறதல்லவா? அதில் தண்ணீரை ஊற்றச் சொல்லிவிட்டு, நீங்கள் உள்ளே படுத்து டாஷ்போர்டுக்கு அடியில் பாருங்கள். தண்ணீர் இரு பக்கமும் வழிந்து வெளியே போக வேண்டும். பெடல் மேல் சொட்டினால் உள்ளே இருக்கும் பெட்டி அரித்துவிட்டது என்று அர்த்தம். இலைச் சருகு அடைத்து, ஈரம் தங்கி, வேலியண்டில் இது அடிக்கடி வரும் நோய். கார்ப்பெட்டுக்கு அடியில் தரை மக்குவதும் இதனால்தான்.

கார்ப்பெட்டைத் தூக்கி ஸ்க்ரூட்ரைவரால் குத்திப் பாருங்கள். முன் சீட்டுக்குக் கீழே குறுக்காக ஓடும் சட்டத்தை மட்டும் இரண்டு முறை பாருங்கள். இந்த வண்டிக்கு முன்னால் சுருள் ஸ்பிரிங் கிடையாது. டார்ஷன் பார் என்று இரண்டு நீள இரும்புத் தண்டுகள்தான் முன்பாரத்தைத் தாங்குகின்றன, அவற்றின் பின்முனை அந்தச் சட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. அது மக்கியிருந்தால் வண்டியைத் தெருவில் இறக்கவே கூடாது. உங்கள் முதல் ராண்ட் போக வேண்டியது அங்கே, நல்ல வெல்டர் கையில். கதவுக்குக் கீழே உள்ள வாசல் அடியையும் சக்கர வளைவையும் மெல்லிய துணி சுற்றிய காந்தத்தால் தடவுங்கள். காந்தம் ஒட்டாத இடம் புட்டி, ஓட்டையை மறைக்கப் பூசும் பசை.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் முதல் வேலியண்டுக்குப் பெயிண்ட்தான் முதலில் அடித்தேன். ஓட்டைகளைப் புட்டி வைத்து மூடிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டாவது கோடை மழையில் வாசல் அடியில் கொப்புளம் கிளம்பியது. நகத்தால் கீறினேன், உள்ளேயிருந்து துருத் தண்ணீர் வழிந்தது. ஆறு மாதச் சேமிப்பு போயிற்று.

இரும்பு முடிந்தால் பிரேக்: ஹோஸ், வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர். எஞ்சினை அவசரப்பட்டுச் சுற்ற வேண்டாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஓர் இரவு ஊறவைத்து, ஸ்பேனரால் கையால் திருப்புங்கள். சுற்றினால் பாதிக் கவலை தீர்ந்தது. 30 டிகிரி சாய்ந்து படுத்திருக்கும் அந்த எஞ்சின் லேசில் சாகாது. மொத்த வண்டியையும் ஒரே நேரத்தில் பிரித்துப்போட வேண்டாம். ஒரு வேலை முடிந்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

வி8? நம் தென்னாப்பிரிக்காவின் மசில் கார்களான கேப்ரி பெரானாவையும், 1973-இல் 100 மட்டும் செய்த ஃபிரென்ஸா கேன்-ஆமையும் நினைத்து எழுதியிருப்பீர்கள். இரண்டிலும் 5 லிட்டர் வி8, பார்த்தாலே மனம் துள்ளும். ஆனால் எஞ்சினோடு ரேடியேட்டர், பிரேக், டிஃபரன்ஷியல் எல்லாம் மாற வேண்டும். மாதம் 2,000-க்கு அது ஆகாது. அப்பா ஓட்டிய ஆறு சிலிண்டர் சத்தமே அந்த வண்டிக்கு அழகு, அதை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், வண்டி இன்னும் அப்பா பெயரில் இருந்தால் காகிதத்தை இப்போதே விசாரியுங்கள். பெயர் மாற்ற, வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்ற ரோட்வொர்தி சான்றிதழ் கேட்பார்கள்.

கேள்வி: எங்கள் வேலியண்ட் சாவி திருப்பும்போது ஸ்டார்ட் ஆகிறது, சாவியை விட்டதும் அணைந்துவிடுகிறது. கார்புரேட்டர் மாற்றச் சொல்கிறார்கள்.
– வாசகி, டொங்காட்

பதில்: மாற்றாதீர்கள் அம்மா. எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவே உள்ள தகட்டில் விரல் நீளத்துக்கு வெள்ளைப் பீங்கான் துண்டு ஒன்று இருக்கும், பேலஸ்ட் ரெசிஸ்டர். ஸ்டார்ட்டர் சுற்றும்போது மின்சாரம் அதைத் தாண்டிப் போகும், சாவியை விட்டதும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். அது அறுந்தால் நீங்கள் சொன்னது போலவே நடக்கும். விலை குறைவுதான், இரண்டாக வாங்கி ஒன்றைக் கிளவ் பாக்ஸில் போட்டுவையுங்கள். ஒயரை நேராக இணைத்து ஓட்டாதீர்கள், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் (coil) சூடாகிக் கெடும்.

கேள்வி: 2006-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுவிட்டது. வால்வ் உட்காரும் சீட்டைத் தேயாமல் காத்தது அந்த ஈயம்தானாம். பழைய எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றி வால்வ் சீட் மாற்றியே ஆக வேண்டுமா?
– வாசகர், வெருலம்

பதில்: மெதுவாக ஓட்டுகிறவர் என்றால் இப்போதே கழற்ற வேண்டாம். சீட் தேய்ந்தால் எக்ஸாஸ்ட் வால்வின் இடைவெளி குறைந்துகொண்டே வரும். ஸ்லான்ட் சிக்ஸில் எஞ்சின் சூடாக இருக்கும்போது புகை வெளியேறும் எக்ஸாஸ்டுக்கு 20 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), கலவை உள்ளே வரும் இன்டேக்குக்கு 10. அளந்து நோட்டில் எழுதிவையுங்கள். இடைவெளி அடிக்கடி குறைந்தால் அப்போது ஹெட்டைக் கழற்றலாம்.