‘ரொறன்ரோவில் படித்தாள்’ என்று ஏன் சொல்கிறீர்கள்?

கேள்வி: என் மகளுக்கு 23 வயது. 7 வயதில் ரொறன்ரோவில் அண்ணா வீட்டில் விட்டோம். அங்கே பனித்தளத்தில் சறுக்கி ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங் பழகி, போட்டிகளில் ஆடினாள். இடுப்புக் காயத்தால் இந்த வருடம் விட்டுவிட்டு எங்களிடம் வந்துவிட்டாள். நாள் முழுக்க அறைக்குள்தான். கலியாணம் பேசுகிறோம். போட்டி உடுப்புப் படங்களைப் பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்று, ‘ரொறன்ரோவில் படித்தாள்’ என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். இனி என்ன வேலைக்குப் போகலாம்?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, வேலையைப் பிறகு பார்ப்போம். ‘படித்தாள்’ என்று அவள் காதுபடச் சொன்னீர்களா? வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, தன் 16 வருடத்தைப் பெற்ற தாயே மறைப்பதைக் கேட்டுக்கொண்டு நின்றாளா? அப்புறம் ஏன் அறைக்குள் இருக்கிறாள் என்று என்னிடம் கேட்கிறீர்கள்!

அவள் என்ன செய்தாள் என்று தெரியுமா? எம்பிச் சுழன்று ஒற்றைக் காலில் இறங்கும்போது உடல் எடையைப் போல ஐந்து மடங்குக்கு மேல் பாரம் அந்தக் காலில் விழும். அதை வருடக்கணக்காகத் தாங்கிய இடுப்பு அது. 23 வயதில் நிறுத்தியதும் தோல்வி இல்லை. தென்கொரிய ஸ்கேட்டிங் வீராங்கனை யுனா கிம் 2010 வன்கூவர் ஒலிம்பிக்கில் தங்கம், 2014 சோச்சியில் வெள்ளி வென்றார். அதோடு போட்டியை விட்டபோது அவருக்கும் வயது 23தான்.

ஸ்கேட்டிங்கில் ஐந்து தடவை உலகச் சம்பியனான மிஷேல் குவான் பிறகு சர்வதேச உறவுகள் படித்து, 2022இல் மத்திய அமெரிக்க நாடான பெலீஸுக்கான அமெரிக்கத் தூதரானார். 1956இல் ஒலிம்பிக் தங்கம் வென்ற டென்லி ஆல்பிரைட் சத்திரசிகிச்சை நிபுணரானார். ஆடியதை ஒளித்துவிட்டா இவர்கள் முன்னுக்கு வந்தார்கள்? உங்கள் மகள் பிசியோதெரபி படிக்கலாம், காயம் என்றால் என்ன என்று அவளுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. நடனம், ஜிம்னாஸ்டிக்ஸ் பழகும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கலாம். பனித்தளம் இல்லாவிட்டாலும் விழாமல் இறங்கச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். எது என்பதை அவள் சொல்லட்டும்.

அவளுக்கும் ஒரு கடமை இருக்கிறது. வளர்ந்த பிள்ளை வீட்டுப் பாரத்தில் பங்கெடுக்காமல் கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் அதை அவளிடம் சொல்ல முதலில் உங்களுக்கு வாய் இருக்க வேண்டும். பொய்யை வைத்துக்கொண்டு புத்தி சொல்ல முடியாது.

நாளைக்கே புரோக்கரைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லுங்கள். உடுப்பைப் பார்த்து முகம் சுளிக்கிற குடும்பம் என்றால் அந்தச் சம்பந்தமே வேண்டாம். அதற்கு முன்னால் மகளிடம் போய், மறைத்தது பிழை என்று சொல்லுங்கள். இப்போது கலியாணம் வேண்டுமா என்றும் கேளுங்கள், உங்கள் கடிதத்தில் அவள் விருப்பம் பற்றி ஒரு வரிகூட இல்லை.