செத்தவளின் இடத்தில் நிற்பது

அன்புள்ள ஐயா,

பழைய ஆசியத் திகில் படங்களைத் தேடிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. போன வாரம் 'தி விக்டிம்' என்ற தாய்லாந்துப் படம் பார்த்தேன். 2006இல் வந்தது, இயக்கம் மோந்தோன் அரயாங்கூன். நடிக்க வாய்ப்புத் தேடிக்கொண்டிருக்கும் டிங் என்ற பெண்ணைப் போலீஸ் கூப்பிட்டு, கொலையானவர்களாக நடிக்க வைக்கிறது. கொலைகாரன் எப்படிக் கொன்றான் என்று காட்ட, இவள் செத்தவளாக நிற்க வேண்டும். அழகிப் பட்டம் வென்ற ஒருத்தியின் கொலையை நடிக்கப் போன பிறகு அந்த ஆவி இவளை விடுவதில்லை. அதுவரை பயந்து பயந்து பார்த்தேன். பாதியில் திடீரென்று, இவ்வளவு நேரம் நாம் பார்த்ததே ஒரு சினிமாவின் படப்பிடிப்புதான் என்று மாற்றிவிட்டார்கள். கோபமே வந்துவிட்டது.

எந்த ஊர் போலீஸாவது கொலையை நடித்துக்காட்ட நடிகையைக் கூப்பிடுமா? கடைசியில் எழுத்து ஓடும்போது, படப்பிடிப்பில் நிஜப் பேய்கள் பதிவானதாகக் காட்டுகிறார்களே, அதை எப்படி எடுத்துக்கொள்வது?

சு.

அன்புள்ள சு.,

நடிகையைக் கூப்பிடுவது கதைக்காகச் சேர்த்தது. கொலையை நடித்துக்காட்டுவது அந்த நாட்டில் நிஜமாகவே நடப்பது. சுருக்கமாக 'தம் பேன்' என்பார்கள். முழுப்பெயரைத் தமிழில் சொன்னால், ஒப்புதல் வாக்குமூலத்தோடு சேர்க்கும் திட்டவரைவு என்று வரும். கைதானவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதும் சம்பவம் நடந்த இடத்துக்கே கூட்டிப் போவார்கள். எங்கே நின்றாய், எந்தக் கையால் அடித்தாய், கத்தியை எந்தப் பக்கம் வீசினாய் என்று கேட்டுக் கேட்டு, ஒவ்வொன்றையும் செய்துகாட்டச் சொல்லிப் படம் பிடிப்பார்கள். கூடவே பத்திரிகைக்காரர்கள், டிவி கேமராக்கள், ஊர்சனம்.

அந்தப் புகைப்படங்களில் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். கைதானவரின் தலையில் ஹெல்மெட், மார்பில் குண்டு துளைக்காத சட்டை. கூட்டம் பாய்ந்து அடித்துவிடும் என்பதற்காகப் போட்டுவிடுவது. கை எதையாவது சுட்டிக்கொண்டிருக்கும், கண் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். செத்தவரின் இடத்தில் ஒரு போலீஸ்காரர் நிற்பார், இல்லையென்றால் ஒரு பொம்மை கிடக்கும். எல்லோரையும் போலவே நானும் முதலில் கைதானவரின் முகத்தைத்தான் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்தப் பொம்மையின் மேல் கண் போனது. ஒரு மனுஷியின் கடைசி நிமிஷம் அது. அத்தனை பேர் கூடியிருக்கிறார்கள், அவளுக்காக அங்கே வந்தவர் யாருமில்லை.

மோந்தோன் கைவைத்தது சரியாக அந்த இடத்தில். பொம்மை கிடக்கும் இடத்தில் உயிருள்ள பெண் ஒருத்தியை நிறுத்தினால் என்ன ஆகும் என்று யோசித்திருக்கிறார். தாய்லாந்து மொழியில் படத்தின் பெயருக்கு ஏறத்தாழ 'உயிரோடிருப்பவரின் பேய்' என்று அர்த்தம். ஆங்கிலப் பெயரில் இது காணாமல் போய்விட்டது.

இந்த வழக்கத்தின் மேல் எனக்குக் கோபம் உண்டு. அதைச் சொல்லாமல் படத்தைப் பற்றிப் பேச முடியாது. கோ தாவ் தீவில் 2014 செப்டம்பரில் இரண்டு பிரிட்டிஷ் இளம் பயணிகள் கடற்கரையில் கொல்லப்பட்டார்கள். அக்டோபர் முதல் வாரம் மியான்மரிலிருந்து கூலி வேலைக்கு வந்திருந்த இரண்டு இளைஞர்களைக் கைது செய்து, ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று சொல்லி, ஹெல்மெட் மாட்டி அதே கடற்கரை மணலில் கொண்டுபோய் நடிக்க வைத்தார்கள். உலகமே அந்தப் படங்களைப் பார்த்தது. அப்புறம் இருவரும், அடித்து வாங்கிய வாக்குமூலம் அது என்று மறுத்தார்கள். போலீஸ் அதை ஏற்கவில்லை. 2015 டிசம்பரில் மரண தண்டனை, 2019இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது, 2020இல் அரச மன்னிப்பில் ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. அவர்கள் செய்தார்களா இல்லையா என்பதற்குள் நான் போகவில்லை. வழக்கு நீதிமன்றத்துக்குப் போகுமுன்பே ஊர் தீர்ப்பை எழுதிவிட்டது. எழுத உதவியது அந்த மணலில் நடந்த நடிப்பு. கொலை செய்தவன் போலக் குனிந்து நிற்கும் ஒருவனின் படத்தைப் பார்த்த பிறகு, செய்யாமலும் இருந்திருக்கலாம் என்று யாருக்குத் தோன்றும்?

தீர்ப்பு வரும்வரை ஒருவரைக் குற்றவாளியாக நடத்தக்கூடாது என்று 2017ஆம் ஆண்டு அரசியல் சாசனத்தின் 29ஆம் பிரிவு சொல்கிறது. சித்திரவதைக்கு எதிரான சட்டம் 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. கைது செய்யும்போது வீடியோ எடுத்தாக வேண்டும் என்கிறது அது. நல்ல சட்டம்.

படத்துக்கு வருகிறேன். டிங் ஒவ்வொரு கொலையையும் நடிப்பதற்கு முன் செத்தவர்களைக் கும்பிட்டு அனுமதி கேட்கிறாள். வேகமாகக் கடந்துபோகும் சின்ன விஷயம்தான். எனக்கோ மொத்தப் படமும் அதில்தான் நிற்கிறது. அகால மரணம் அடைந்தவர்களின் ஆவியை அங்கே 'டாய் ஹோங்' என்பார்கள். கொலை, விபத்து, பிரசவத்தில் சாவு இப்படிப் போனவர்கள். இவர்களுக்குத்தான் பயம் அதிகம், மரியாதையும் அதிகம். 'நம்பாவிட்டால் பரவாயில்லை, அவமதிக்காதே' என்று அவர்களிடம் ஒரு சொலவடையே உண்டு.

பாங்காக்கில் ஓன் நுட் பக்கம் வாட் மஹாபுட் கோயிலில் மே நாக்கின் சன்னதிக்குப் போயிருக்கிறேன். புருஷன் போருக்குப் போன நேரத்தில் பிரசவத்தில் செத்து, அவன் திரும்பியபோது ஆவியாக இருந்து சோறு ஆக்கிப் போட்டவள் என்பது கதை. மடியில் குழந்தையோடு சிலை, முகமெல்லாம் பக்தர்கள் ஒட்டிய தங்க ரேக்கு. பக்கத்தில் வரிசையாகப் பட்டு உடுப்புகள், குழந்தைக்கு விளையாட்டுச் சாமான். அவள் பார்ப்பதற்காக எதிரே ஒரு டிவி ஓடிக்கொண்டிருந்தது. ராணுவத்துக்கு ஆளெடுக்கும் சீட்டுக் குலுக்கலில் பேர் வரக்கூடாது என்று வேண்டிக்கொள்ளப் பையன்கள் இங்கே வருவார்களாம். புருஷனைப் போருக்குக் கொடுத்தவளுக்கு அந்த வலி தெரியும் அல்லவா? பேயாகப் பயமுறுத்தியவளை உட்காரவைத்து, உடுத்தக் கொடுத்து, குறை சொல்லி அழுகிறார்கள். இந்த ஊர்ப் படத்தில் பேய் வந்தால், அது என்ன கேட்கிறது என்பதுதான் பார்க்கிறவர் மனதில் முதலில் எழும் கேள்வி.

அதனால்தான் பாதியில் வரும் திருப்பத்தை நான் ஏமாற்று என்று சொல்லமாட்டேன். டிங் கும்பிட்டாள், அனுமதி கேட்டாள். டிங்காக நடித்தவளும், அவளைச் சுற்றி விளக்கும் கேமராவும் வைத்தவர்களும் அப்படிக் கேட்டார்களா? அவ்வளவு நேரமும் போலீஸைப் பார்த்துக் கேட்ட கேள்வியை இயக்குநர் சினிமாவின் பக்கமே திருப்புகிறார். கொலையைக் காட்டிக் காசு பார்க்கும் நீ மட்டும் யோக்கியமா என்கிறார். டிக்கெட் வாங்கிய நமக்கும் சேர்த்துத்தான் அது. உங்களுக்கு வந்த கோபத்தில் பாதி அந்தக் கேள்வி சுட்டதால் வந்தது என்று நினைக்கிறேன்.

மீதிப் பாதிக் கோபம் நியாயமானது. இரண்டாம் பாதியில் எங்கே திரும்பினாலும் ஒரு பேய், ஒரு சத்தம். இவருடைய முந்தைய படம் 2004இல் வந்த 'பக்சா வாயு', ராட்சதக் கருடன் கதை. கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் மேல் இருந்த அந்த ஆசை இங்கேயும் விடவில்லை. ஒரே ஒரு ஆவியை அமைதியாக விட்டிருந்தால் படம் எங்கேயோ போயிருக்கும்.

கடைசி எழுத்தோட்டத்தில் வருவதை நான் நம்பவில்லை. நிஜமாகவே கொலை நடந்த இடங்களில் எடுத்தோம் என்று விளம்பரம் வேறு செய்தார்கள். படம் கேட்ட கேள்விக்குப் படமே தோற்றுப்போன இடம் இதுதான். இன்னொருவர் வீட்டுச் சாவைக் காட்டி, பார் எங்களுக்குப் பேய் கிடைத்தது என்று கொண்டாடுவதை என்னால் ரசிக்க முடியவில்லை.

தாய்லாந்தில் செத்தவரின் இடத்துக்குத் திரும்பிப் போக வேறொரு முறையும் இருக்கிறது. விபத்திலோ கொலையிலோ ஒருவர் போய்விட்டால், குடும்பம் ஒரு பிக்குவை அழைத்துக்கொண்டு சம்பவம் நடந்த இடத்துக்கு வரும். ரோட்டோரமாக இருந்தாலும் சரி, லாரிகள் போய்க்கொண்டிருக்கும். வெள்ளை நூலும் ஊதுபத்தியும் வைத்து, பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். வா, வீட்டுக்குப் போகலாம் என்று. திரும்பும் வழியில் பாலம் வந்தால், பாலம் தாண்டுகிறோம், கூடவே வா என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வருவார்கள். முதல் பாதியை இன்னொரு தடவை பாருங்கள். டிங் கைகூப்பும் இடங்களை மட்டும் பாருங்கள்.

அன்புடன்.