480 வெள்ளிக்குப் பெடல் பூட்டு: செய்யச் சொல்லலாமா?

கேள்வி: என்னிடம் பத்துத் தந்திப் பெடல் ஸ்டீல் கிட்டார் இருக்கிறது, ஈ9 சுருதி. போன வருடம் இடது கணுக்கால் முறிந்து தகடு வைத்திருக்கிறார்கள். ஏ, பி பெடல்களைச் சேர்த்து மிதித்து நெடுநேரம் பிடித்தால் உயிர் போகிற வலி. ஒருமுறை மிதித்தால் பூட்டிக்கொண்டு, மறுபடி மிதித்தால் விடுபடும் அமைப்பைச் செய்து தருவதாகக் காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறைக்காரர் சொல்கிறார். பந்துமுனைப் பேனா மாதிரி வேலை செய்யுமாம். 480 வெள்ளி, பாதி முன்பணம். கொடுக்கலாமா ஐயா? (ஈசூன் வாசகர்)

பதில்: இந்த வடிவத்துக்குக் கொடுக்காதீர்கள்.

ஒரு பேனாவை எடுத்து மெதுவாக அழுத்திப் பாருங்கள். குமிழ் கடைசிவரை உள்ளே போகும். விரலை எடுத்ததும் கொஞ்சம் வெளியே வந்து, அப்புறம்தான் நிற்கும். அந்தப் பின்வாங்கல் இல்லாமல் அந்தப் பூட்டு பூட்டவே பூட்டாது. பேனாவுக்கு அதனால் நஷ்டமில்லை, உங்கள் பெடலுக்கு உண்டு.

இந்த வாத்தியத்தைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். பெடலை மிதித்தால் ஒரு செங்குத்துக் கம்பி இறங்கி, கிட்டாரின் அடியில் இருக்கும் குறுக்குத் தண்டைத் திருப்பும். தண்டு இழுகம்பிகளை இழுக்கும், தந்தி இறுகிச் சுருதி ஏறும். பி பெடல் 3, 6ஆம் தந்திகளை அரை ஸ்வரம் ஏற்றுகிறது. ஏ பெடல் 5, 10ஆம் தந்திகளை முழு ஸ்வரம் ஏற்றுகிறது. இரண்டையும் சேர்த்து மிதித்தால் ஈ மேஜர் கார்டு ஏ மேஜராக மாறிவிடும். ஏற்றம் எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது மெக்கானிசத்தில் இருக்கும் முட்டு.

பெடல் 25 மில்லிமீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சுருதி வித்தியாசத்தை அளக்கும் அலகு சென்ட்; அரை ஸ்வரம் 100 சென்ட். பெடல் முட்டிலிருந்து 1 மில்லிமீட்டர் பின்வாங்கினால் மூன்றாம் தந்தியில் ஏறத்தாழ 4 சென்ட் குறையும், ஐந்தாம் தந்தியில் 8. பேனா வகைப் பூட்டு 2 மில்லிமீட்டர் பின்வாங்கினாலே ஐந்தாம் தந்தி 16 சென்ட் இறங்கி நிற்கும். சுருதிப்பெட்டியோடு பழகிய காதுக்கு அது பல்லில் கல் கடிபட்ட மாதிரி இருக்கும்.

“இழுகம்பி நுனியில் இருக்கும் நைலான் நட்டைத் திருப்பிச் சரிசெய்துகொள்ளலாமே” என்று பட்டறைக்காரர் சொல்லக்கூடும். வேண்டாம். பூட்டிய நிலைக்கு நட்டைத் திருப்பினால், பூட்டாமல் காலால் மிதிக்கும்போது சுருதி எகிறும்.

நம் வீவக வீடுகளில் பிள்ளைகள் பயிற்சி செய்யும் அப்ரைட் பியானோவில் நடுப் பெடலை அழுத்தி ஓரமாகத் தள்ளினால் பூட்டிக்கொள்ளும், பார்த்திருப்பீர்கள். அது சுத்தியலுக்கும் தந்திக்கும் நடுவே கம்பளியை இறக்குகிறது, அவ்வளவுதான். கம்பளி ஒரு நூல் மேலே நின்றாலும் சுருதி மாறாது. அதைப் பார்த்து உங்களுடையதைச் செய்யக்கூடாது.

உங்களுக்கு வேண்டியது, பெடலை முட்டின்மேல் அமுக்கி வைத்திருக்கும் பூட்டு. ஊறுகாய் போட்டு வைக்கும் கண்ணாடி ஜாடியின் கம்பிப் பூட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நடுப்புள்ளி வரை முரண்டுபிடிக்கும், தாண்டியதும் தானே இறுகிவிடும். இதற்கும் இம்மியளவு பின்வாங்கல் உண்டு. ஆனால் மூடியின் அடியில் இருக்கும் ரப்பர் வளையம் அதை வாங்கிக்கொள்கிறது. பேனா வகையிலும் இடையில் கெட்டியான ஸ்பிரிங் வைத்து இதைச் செய்யலாம். அதை மிதித்து அமுக்க உங்கள் கணுக்கால்தான் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும்.

இரண்டு பெடலுக்கும் குறுக்கே ஒரே கட்டையைப் போட்டுப் பூட்டுவதிலும் ஒரு சிக்கல். ஒரு பெடல் முதலில் முட்டிவிட்டால் மற்றது பாதியில் நிற்கும். நுகத்தடி மாதிரி நடுவில் அசைந்துகொடுக்கும் கட்டை வேண்டும், இல்லாவிட்டால் பெடலுக்கு ஒரு பூட்டு. பூட்டின் பிடிமானம் தரையில் இருக்கக்கூடாது, கம்பளத்தில் புதையும். முன்கால்களை இணைக்கும் பெடல் சட்டத்தில் கவ்வ வேண்டும். கிட்டாரின் உடம்பில் துளை போட விடாதீர்கள், மறுவிலை போய்விடும்.

480 வெள்ளிக்கு முன்னால், ஜாலான் புசார் பக்கத்து வன்பொருள் கடையில் ரப்பர் நுனி வைத்த டாகிள் கிளாம்ப் (அந்த ஜாடிப் பூட்டு மாதிரியே இறுகும் கைப்பிடிக் கவ்வி) இரண்டு வாங்கிப் பெடல் சட்டத்தில் பொருத்திப் பாருங்கள். பாட்டுக்குப் பாட்டு குனிந்து கையால் பூட்டுவது உங்களுக்குப் போதும் என்றால் பட்டறைக்கே போக வேண்டாம். நான் அப்படித்தான் ஆரம்பிப்பேன். நாற்காலி உயரத்தையும் பெடல் கம்பியின் நீளத்தையும் மாற்றிப் பார்த்தாலே பாதி வலி குறையலாம்.

காலால்தான் இயக்க வேண்டும் என்றால் பட்டறையில் செய்யச் சொல்லுங்கள். “பூட்டிய நிலையிலும் காலால் மிதித்த நிலையிலும் 3, 5ஆம் தந்திகள் டியூனரில் 2 சென்ட்டுக்குள் ஒத்திருக்க வேண்டும்” என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். முன்பணம் கால்பங்குக்கு மேல் வேண்டாம்.

பூட்டியபடியே கிட்டாரைப் பெட்டியில் வைக்காதீர்கள். அரை ஸ்வரம் ஏறினால் தந்தியின் இழுவிசை 12 விழுக்காடு கூடும். மெல்லிய மூன்றாம் தந்திதான் முதலில் அறும்.

கேள்வி: இணையம் வழியாக ஒருவரிடம் பழைய பெடல் ஸ்டீல் வாங்கினேன். ஒரே வாரத்தில் பி பெடல் தளர்ந்து, மிதித்தால் ஒன்றுமே ஆவதில்லை. குறையுள்ள பொருளை வாங்கியவருக்குப் பரிகாரம் தரும் லெமன் சட்டம் பொருந்துமா? (பிடோக் வாசகர்)

பதில்: விற்றவர் தனிநபர் என்றால் பொருந்தாது. 2012 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கும் அந்தச் சட்டம் வியாபாரிகளிடம் வாங்கியதற்குத்தான். கடையில் வாங்கியிருந்தால் பழைய பொருளுக்கும் செல்லும். 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போது இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பாடு. ஆனால் வயதுக்கேற்ற தேய்மானத்தைக் குறை என்று சொல்ல முடியாது.

விளம்பரத்தில் “எல்லாப் பெடலும் நன்றாக வேலை செய்கிறது” என்று அவர் எழுதியிருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள். அதற்கு முன் கிட்டாரைக் கவிழ்த்து, குறுக்குத் தண்டில் இருக்கும் சின்ன ஸ்குரூக்களை ஆலன் கீயால் இறுக்கிப் பாருங்கள். பல சமயம் கோளாறு அங்கேதான் இருக்கும்.