குப்பிக்குள் உறைப் புரதம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: டெங்கு வைரஸின் உறைப் புரதம் (அதன் வெளியுறையில் இருக்கும் புரதம்) 100 மைக்ரோகிராம், உலர்நிலையில் வாங்கினோம். குப்பியில் ஒன்றுமே தெரியவில்லை. இருந்தாலும் கரைத்து எலைசா (சீரத்தில் ஆன்டிபாடி இருந்தால் நிறம் காட்டும் சோதனை) செய்தோம். முதல் வாரம் நல்ல நிறம் வந்தது; மூன்றாம் வாரம் பாதியாகிவிட்டது. ஏன்?
– ஆய்வு மாணவி, கோவை

பதில்: 100 மைக்ரோகிராம் என்பது ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு. அது பொடியாகத் தெரியாது. சுவரிலோ மூடியின் அடியிலோ மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். குப்பியை அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து, அரை நிமிடம் சென்ட்ரிஃபியூஜில் சுற்றிய பிறகே திறக்க வேண்டும். குளிரோடு திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே படியும். குப்பியோடு வந்த தாளில் சொன்ன கரைசலை 200 மைக்ரோலிட்டர் எடுத்து, சுவரில் வழியவிட்டுச் சேர்த்து, இருபது நிமிடம் சும்மா விடுங்கள். வோர்டெக்ஸ் கருவியில் வைத்துக் குலுக்க வேண்டாம். நுரை வந்தால் அதன் பரப்பிலேயே புரதம் மடிப்பு அவிழ்ந்து கெடும்.

நிறம் குறைந்ததற்கு, அதே குப்பியைத் திரும்பத் திரும்ப உருக்கி உறையவைத்ததே காரணமாக இருக்கும். இப்போது உங்கள் கரைசல் மில்லிலிட்டருக்கு 0.5 மில்லிகிராம். 96 குழித் தட்டுக்கு, குழிக்கு 100 மைக்ரோலிட்டர் வீதம் சுமார் 10 மில்லிலிட்டர் பூச்சுக் கரைசல் (குழிகளில் புரதத்தை ஒட்டவைக்கும் கரைசல்) வேண்டும். மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் போதுமானால் அதற்கு 10 மைக்ரோகிராம், அதாவது 20 மைக்ரோலிட்டர். ஆகவே கரைத்த அன்றே 20 மைக்ரோலிட்டராகப் பத்துச் சிறு குழாய்களில் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஒரு குழாய் ஒரு தட்டுக்கு. மிச்சத்தைத் திரும்ப வைக்காதீர்கள். தானாகப் பனி நீக்கும் மைனஸ் 20 ஃபிரீசர் இதற்கு ஆகாது, அதன் உள்வெப்பம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

புரதம் நிலைத்திருக்கட்டும் என்று பிஎஸ்ஏ (மாட்டு ரத்தத்தின் அல்புமின் புரதம்) சேர்ப்பவர்கள் உண்டு. பூச்சுக்கான புரதத்தில் அதைச் செய்யவே கூடாது. 0.1 சதவீதம் சேர்த்தாலும் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் ஆகிறது, உங்கள் புரதத்தைப்போல் இரண்டு மடங்கு. பிளாஸ்டிக்கில் இடம்பிடிப்பது பெரும்பாலும் பிஎஸ்ஏதான்.

கேள்வி: டெங்கு வராதவர்களின் சீரத்திலும் நிறம் வருகிறதே?
– ஆய்வகப் பணியாளர், வேலூர்

பதில்: இரண்டு காரணங்களைப் பிரித்துப் பாருங்கள். உறைப் புரதத்தின் இரண்டாம் பகுதியின் நுனியில் உள்ள, வைரஸ் செல்லோடு இணைய உதவும் இணைவு வளையம் ஃபிளாவிவைரஸ்களில் (டெங்கு, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ்கள் அடங்கிய குழு) ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கிறது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வந்தவரின் அல்லது அதற்குத் தடுப்பூசி போட்டவரின் ஆன்டிபாடியும் அதில் ஒட்டும். இந்தியாவில் அந்த நோய் 1955-இல் முதலில் தெரியவந்தது உங்கள் வேலூர்ப் பகுதியில்தான். சீரம் தந்தவரிடம் இதைக் கேட்காமல் விடாதீர்கள். உறைப் புரதத்தின் மூன்றாம் பகுதியை மட்டும் பூசினால் இந்தக் குழப்பம் வெகுவாகக் குறையும். ஆனால் மனிதரிடம் அதற்கு எதிரான ஆன்டிபாடி குறைவு, எனவே உண்மையான டெங்கு மாதிரிகளும் சில தவறிப்போகும்.

மற்றது, ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்த புரதமா என்பது. நம் எல்லோருடைய சீரத்திலும் ஈ.கோலைக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறது. சுத்திகரிப்பில் தப்பிய துளி அழுக்கே நிறம் தரும். அதே ஈ.கோலையில், அதே ஹிஸ் டேகோடு (சுத்திகரிக்க உதவும் ஒட்டுத்துண்டு) தயாரித்த தொடர்பில்லாத ஒரு புரதத்தைப் பக்கத்துக் குழிகளில் பூசுங்கள். அங்கும் நிறம் வந்தால் சீரத்தை ஈ.கோலைச் சாற்றோடு கலந்து வைத்திருந்து பிறகு சோதியுங்கள்.

கேள்வி: இந்தப் புரதத்தால் நோய் தொற்றுமா?
– வாசகர், மதுரை

பதில்: தொற்றாது. பெருகுவதற்கான மரபுப்பொருள் அதில் இல்லை. ஆபத்து இருப்பது நோயாளியின் சீரத்தில், கையுறை அதற்காகத்தான்.

கேள்வி: எச்.ஐ.வி.யின் உறைப் புரதமான ஜிபி120 வாங்கினோம். அமினோ அமில வரிசையைக் கணக்கிட்டால் பாதி எடைதான் வருகிறது. புரதங்களை எடைப்படி பிரிக்கும் ஜெல்லிலோ 120 கிலோடால்டனுக்கு அருகே அகலமான பட்டை. கலப்படமா?
– ஆய்வு மாணவர், சென்னை

பதில்: இல்லை. ஜிபி120-இன் எடையில் ஏறத்தாழ பாதி சர்க்கரைச் சங்கிலிகள். அவை மூலக்கூறுக்கு மூலக்கூறு மாறுவதால்தான் பட்டை அகலமாகத் தெரிகிறது. உறுதிசெய்ய, புரதத்தின் மடிப்பை அவிழ்க்கும் எஸ்டிஎஸ் சேர்த்துக் கொதிக்கவைத்து, சர்க்கரைச் சங்கிலிகளை வெட்டும் பிஎன்ஜிஏஸ்-எஃப் நொதியோடு 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். பட்டை 60-க்கு அருகே இறங்கும். நொதிக்கு முன் என்பி-40 என்ற மென்மையான சோப்புப் பொருளைச் சேர்க்க மறந்தால் எஸ்டிஎஸ் நொதியையே முடக்கிவிடும், பட்டை நகராது. 36-க்கு அருகே புதிதாக ஒரு பட்டை தெரிந்தால் பதற வேண்டாம், அது அந்த நொதிதான்.