எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை: தயாராக வேண்டியது இரண்டாம் ஆண்டுக்கு

கேள்வி: எனக்கு வயது 39. உயரம் 160 செ.மீ., எடை 112 கிலோ. ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். தூக்கத்தில் மூச்சு முட்டி விழித்துக்கொள்கிறேன். இரவில் அடிக்கடி நெஞ்செரிச்சலும் உண்டு. எத்தனையோ முறை உணவைக் குறைத்துப் பத்துப் பதினைந்து கிலோ இறக்கியிருக்கிறேன். இறங்கியதைவிட அதிகமாகத்தான் திரும்ப ஏறியது. ஸ்லீவ் அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம் என்கிறார் மருத்துவர். "வாயைக் கட்டத் தெரியாதவர்கள்தான் வயிற்றை வெட்டிக்கொள்வார்கள்" என்கிறார் மாமியார். இந்தச் சிகிச்சைக்குப் பிறகு வாழ்க்கை எப்படி இருக்கும்? 60 கிலோவுக்கு வந்துவிடுவேனா? எடை மறுபடி ஏறுமா? எடை குறைக்கும் ஊசிகள் வந்துவிட்ட காலத்தில் இது தேவைதானா?

பதில்: மாமியாரின் வாக்கியத்திலிருந்தே தொடங்குகிறேன். எடைக் குறைப்பு அறுவைக்கான பேரியாட்ரிக் பிரிவில் உணவு ஆலோசகராக என்னிடம் வருகிறவர்களில் பலர் அதே வாக்கியத்தை வேறு வேறு வாய்களிலிருந்து கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். நீங்கள் வாயைக் கட்டாமல் இல்லை, பலமுறை கட்டியிருக்கிறீர்கள். ஆனால் எடை இறங்கியதும் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுகிறது, போதும் என்று சொல்லும் ஹார்மோன்கள் குறைகின்றன, சும்மா இருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தியும் குறைகிறது. எடை குறைந்து ஓராண்டு ஆன பிறகும் இந்த மாற்றம் நீடிக்கிறது. இழந்ததை மீட்காமல் உடல் ஓய்வதில்லை. ஸ்லீவ் சிகிச்சையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் அகற்றப்படுகிறது. கிரெலின் அதிகம் சுரக்கும் மேற்பகுதியும் அதோடு போய்விடுகிறது. உணவு சிறுகுடலை விரைவாக எட்டுவதால் நிறைவைத் தரும் ஹார்மோன்கள் உயர்கின்றன. வாயைக் கட்டும் வேலையில் முதன்முறையாக உடலும் உங்கள் பக்கம் நிற்கும்.

ஆனால் எவ்வளவு நாளைக்கு? அதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

முதலில் கணக்கு. உங்கள் உயரத்துக்கும் எடைக்கும் பி.எம்.ஐ. (உயரத்தோடு எடையை ஒப்பிடும் குறியீடு) ஏறக்குறைய 44. பி.எம்.ஐ. 35-ஐத் தாண்டினால் வேறு நோய் இல்லாவிட்டாலும் சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம் என்று சர்வதேச அமைப்புகள் 2022-இல் வழிகாட்டுதலைத் திருத்தின; ஆசியர்களுக்கு 27.5-இலிருந்தே யோசிக்கலாம் என்றன. ஆக, நீங்கள் தகுதியானவர் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் 60 கிலோ? ஸ்லீவ் சிகிச்சையில் பொதுவாக இருந்த எடையில் கால் பங்கு முதல் முப்பது விழுக்காடு வரை குறைகிறது. உங்களுக்கு அது 28 முதல் 34 கிலோ. அதாவது 80 கிலோவை ஒட்டி நிற்பீர்கள். அதைவிடக் குறைகிறவர்களும் உண்டு. ஆனால் 60 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொண்டு மேசையில் படுத்தால், 80-இல் சர்க்கரை கட்டுப்பட்டு, மூச்சு முட்டாமல் தூங்கும்போதுகூட தோற்றுவிட்டதாகத்தான் நினைப்பீர்கள். அப்படி நினைத்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த எண்ணை இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.

நெஞ்செரிச்சலை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே முக்கியமான சொல் அதுதான். ஸ்லீவில் இரைப்பை ஒடுங்கிய குழாயாகிறது; உள்ளே அழுத்தம் கூடுவதால் அமிலம் மேலே ஏறுவது பலருக்கு அதிகமாகிறது, இல்லாதவர்களுக்குப் புதிதாகவும் வருகிறது. ஏற்கெனவே கடுமையான நெஞ்செரிச்சல் இருப்பவர்களுக்கு இரைப்பை பைபாஸ் என்ற வேறு வகை எடைக் குறைப்பு அறுவை பொருத்தமாக இருக்கலாம். அதில் இரைப்பையின் மேல் நுனியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையை மட்டும் பிரித்துச் சிறுகுடலின் தொடக்கத்தைத் தாண்டிய பகுதியோடு இணைப்பார்கள். சர்க்கரை நோய்க்கும் பைபாஸ் சற்றுக் கூடுதலாகப் பலன் தருகிறது. பதிலுக்குச் சத்துக் குறைபாடும் அதில் அதிகம். எண்டோஸ்கோப்பி செய்யாமல் ஸ்லீவுக்குத் தேதி குறிக்க வேண்டாம். "என் நெஞ்செரிச்சலுக்கு எது பொருந்தும்?" என்று அறுவை மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்.

சிகிச்சைக்கு முந்தைய வாரங்களைப் பலர் 'கடைசி விருந்து' காலமாக்கிவிடுகிறார்கள். இனி சாப்பிடவே முடியாது என்ற பயத்தில் ஆசைப்பட்டதையெல்லாம் சாப்பிட்டு நாலைந்து கிலோ ஏற்றிக்கொண்டு வருவார்கள். இது ஆபத்தானது. சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பியில் இரைப்பையை எட்ட கல்லீரலைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். கொழுப்பேறிப் பெருத்த கல்லீரல் வழியை மறைக்கும். அதனால்தான் கடைசி இரண்டு வாரம் மாவுச்சத்து குறைந்த, புரதம் நிறைந்த கட்டுப்பாட்டு உணவு. புகைப்பழக்கம் இருந்தால் விட்டாக வேண்டும். தூக்கத்தில் மூச்சு முட்டுவதை முன்கூட்டியே பரிசோதித்து, தேவையானால் தூக்கத்தில் முகமூடி வழியே காற்றை அழுத்தித் தரும் சிபேப் கருவியைப் பழகிக்கொள்ளுங்கள். மயக்க மருந்து கொடுப்பவருக்கு இந்தத் தகவல் மிக முக்கியம். இரும்பு, பி12, வைட்டமின் டி அளவுகளையும் பாருங்கள். பருமனான உடலிலும் இவை குறைவாக இருப்பது சாதாரணம். இன்னொன்று: இடுப்பு, தொடை, மேல்கை ஆகியவற்றை அளவுநாடாவால் அளந்து குறித்து வையுங்கள். சிகிச்சைக்குப் பிறகு மூன்றாவது வாரத்தை ஒட்டி எடை சில நாள் அசையாமல் நிற்கும். தராசு பேசாத அந்த நாட்களில் நாடா பேசும்.

அறுவை சிகிச்சை என்றால் ஆபத்தும் உண்டு. அமெரிக்காவில் பல மையங்களில் நடந்து 2009-இல் வெளியான பெரிய ஆய்வொன்றில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 0.3 விழுக்காடு, பித்தப்பை அகற்றுவது போன்ற வழக்கமான அறுவைகளுக்கு நெருக்கமான ஆபத்து என்று சொல்லலாம். நான் பயப்படச் சொல்வது தையல் இடத்தில் ஏற்படும் கசிவுக்கு. வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, மூச்சுத் திணறல், ஓய்விலும் நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டுவது, காலில் ஒரு பக்கம் மட்டும் வீக்கம் – எது வந்தாலும் காலைவரை காத்திருக்காதீர்கள்.

சர்க்கரை எடை குறைவதற்கு முன்பே, சில நாட்களிலேயே இறங்கத் தொடங்கும். பழைய அளவில் மாத்திரையைத் தொடர்ந்தால் தாழ்சர்க்கரையில் மயங்கி விழ நேரலாம். மருத்துவமனையிலிருந்து கிளம்பும் அன்றே புதிய மருந்துப் பட்டியலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரத்த அழுத்த மாத்திரைக்கும் இது பொருந்தும்.

உணவு தெளிந்த திரவத்தில் தொடங்கி, கெட்டித் திரவம், மசித்தது, மென்மையானது என்று படிப்படியாக நகர்ந்து, ஆறிலிருந்து எட்டு வாரத்தில் திட உணவுக்கு வரும். அந்த முதல் திட உணவைப் பற்றி யாரும் சரியாகச் சொல்வதில்லை. ஒரு வேகவைத்த முட்டை எடுத்துக்கொள்கிறீர்கள். பழைய பழக்கத்தில் இரண்டே கடியில் பாதியை விழுங்கிவிடுகிறீர்கள். ஒரு நிமிடத்தில் மார்பெலும்புக்குப் பின்னால் கல் வைத்தாற்போல் அழுத்தம். வாயில் நுரை நுரையாக உமிழ்நீர் ஊறும். எழுந்து வாஷ்பேசினுக்கு ஓடுவீர்கள். அடுத்த முறை சிறிய கரண்டியில், கூழாகும்வரை மென்று சாப்பிடுவீர்கள். நிறைந்ததற்கான அடையாளம் இனி வயிற்றில் இருக்காது. சிலருக்கு விக்கல், சிலருக்கு மூக்கு ஒழுகுதல், சிலருக்கு ஒரே ஒரு தும்மல். அது வந்ததும் கரண்டியை வைத்துவிட வேண்டும், தட்டில் ஒரு வாய்தான் மிச்சம் என்றாலும். 'வீணாக்கக் கூடாது' என்று வளர்ந்தவர்களுக்கு இந்த ஒரு வாய்தான் பெரிய சோதனை.

தட்டில் முதலில் புரதம். நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம். சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். ஒரே மூச்சில் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது நின்றுபோகும். ஒன்றரை லிட்டரை நாள் முழுக்க மிடறு மிடறாகக் குடிக்க வேண்டியிருக்கும். எப்போதாவது வாந்தி வருவது அவசரத்தால். தினமும் வந்தால் அது வேறு விஷயம்: உடலில் தயமின் என்ற பி1 வைட்டமின் சில வாரங்களிலேயே தீர்ந்து மூளையையும் நரம்பையும் பாதிக்கும். பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது ஆகியவை வந்தபின் யோசிப்பது தாமதம். வாந்தி நிற்காதபோதே வாருங்கள்.

மூன்றாம், நான்காம் மாதங்களில் முடி கொட்டும். சீப்பில் கொத்துக் கொத்தாக வருவதைப் பார்த்துப் பதறாதவர் இல்லை. வேகமான எடையிழப்பால் முடி ஒன்றாக ஓய்வுக்குப் போவதால் வருவது இது. புரதமும் இரும்பும் போதிய அளவு இருந்தால் சில மாதங்களில் திரும்ப முளைக்கும். பித்தப்பைக் கல் உருவாவதும் இந்தக் காலத்தில்தான்; அதைத் தடுக்க ஆறு மாதம் மாத்திரை தருவதுண்டு. தளர்ந்து தொங்கும் தோல் உடற்பயிற்சியால் முழுவதும் சரியாகாது. கருத்தரிப்பதை 12 முதல் 18 மாதங்களாவது தள்ளிப்போடுங்கள். எடை குறையக் குறையக் கருத்தரிக்கும் திறன் கூடுவதால், எதிர்பாராமல் கர்ப்பமாகிறவர்கள் உண்டு.

உடல் இறங்கும் வேகத்தில் மனம் இறங்குவதில்லை. இருபது கிலோ குறைந்த பிறகும் இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைவார்கள்; துணிக்கடையில் கை பெரிய அளவு இருக்கும் பக்கமே போகும். உறவுகளும் இடம் மாறும். சிகிச்சை பெற்றவர்களிடையே தனித்திருந்தவர்கள் துணை தேடிக்கொள்வதும், சேர்ந்திருந்தவர்கள் பிரிவதும் அதிகம் என்று ஸ்வீடனில் நடந்த ஆய்வு காட்டியது. கணவரை ஒருமுறையாவது ஆலோசனைக்கு அழைத்து வாருங்கள். முன்பு கவலை வந்தால் சாப்பிட்டு ஆறியவர்களுக்கு இப்போது அந்த வழி அடைபட்டிருக்கும். சிலர் மதுவின் பக்கம் போகிறார்கள். சிகிச்சைக்குப் பிறகு, குறிப்பாகப் பைபாஸ் செய்தவர்களுக்கு, மது வேகமாக இரத்தத்தில் ஏறும், போதை எளிதில் பிடித்துக்கொள்ளும். மனச்சோர்வு நீடித்தால் அதைச் சொல்ல வெட்கப்படாதீர்கள்.

இப்போது இரண்டாம் ஆண்டு. எடை 12 முதல் 18 மாதங்களில் அடிமட்டத்தைத் தொடும். அதன்பின் பசி மெல்லத் திரும்பும். இங்கேதான் எனக்கு வேலை அதிகம். புதிய இரைப்பைக்கு ஒரு கோணல் புத்தி உண்டு: இறைச்சியையும் காய்கறியையும் நிறுத்தி வைக்கும், பிஸ்கட், ஐஸ்கிரீம், வறுவல், இனிப்புப் பானம் ஆகியவற்றைத் தடையில்லாமல் உள்ளே விடும். கஷ்டப்பட்டு மெல்ல வேண்டியது எதற்கு என்று மனிதர்கள் எளிதானதன் பக்கம் சாய்வார்கள். ஒரு வேளைக்கு அதிகம் சாப்பிட முடியாது. ஆனால் நாள் முழுக்கக் கொறிக்க முடியும். "நான் ஒன்றுமே சாப்பிடுவதில்லையே" என்று அவர்கள் சொல்வது பொய்யல்ல, வேளை உணவை மட்டும் எண்ணுகிறார்கள். பைபாஸ் செய்தவர்களை இனிப்பு ஓரளவு மிரட்டி வைக்கும். சாப்பிட்ட அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு என்று வரும். ஸ்லீவில் அந்த மிரட்டல் பெரும்பாலும் இல்லை. கடைசியில் இறங்கிய எடையில் சிறு பங்கு திரும்புவது இயல்பு. முழுதாகத் திரும்புவது இயல்பல்ல.

மாத்திரைகள் ஆயுளுக்கும்தான். இதில் பேரம் இல்லை. மல்டிவைட்டமின், பி12, வைட்டமின் டி, நாளொன்றுக்கு 1200 முதல் 1500 மி.கி. கால்சியம், தேவைக்கேற்ப இரும்பு. கால்சியத்தையும் இரும்பையும் சேர்த்து விழுங்கினால் ஒன்று மற்றதைத் தடுக்கும். இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். மூட்டுவலிக்கு ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளைக் கேட்காமல் எடுக்காதீர்கள்; பைபாஸ் இணைப்பில் புண் வரும். இரத்தப் பரிசோதனை ஆண்டுதோறும் வேண்டும், நன்றாக இருக்கும்போதும். ஐந்தாம் ஆண்டில் உங்களுக்கு இரத்தப் பரிசோதனை எழுதித் தரப்போவது யார் என்று இப்போதே மருத்துவமனையில் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறுகிற இடத்தில் செய்துகொள்ள வேண்டாம்.

ஊசிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். செமாக்ளூடைடு என்ற ஊசியின் ஆய்வில் சராசரியாக 15 விழுக்காடு எடை குறைந்தது. டிர்செபடைடு என்ற இன்னொரு ஊசியின் அதிக அளவில் சுமார் 20. நல்ல மருந்துகள். ஆனால் செமாக்ளூடைடை நிறுத்திய ஓராண்டில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. அதாவது ஊசியும் நீண்டகால உறவுதான். உங்கள் பி.எம்.ஐ.க்கும் சர்க்கரைக்கும் நான் அறுவையையே முதலில் சொல்வேன். அறுவையை நினைத்தாலே நடுங்குகிறது என்றால் ஊசியைச் சில மாதம் முயன்று பார்ப்பதில் தவறில்லை. இரண்டும் எதிரிகளும் அல்ல. சிகிச்சைக்குப் பின் எடை ஏறுகிறவர்களுக்கு இதே ஊசிகளை இப்போது தருகிறார்கள். அதற்கு நீங்கள் மூன்று கிலோ ஏறும்போதே வர வேண்டும். பதினைந்து ஏறிய பிறகு வருகிறவர்களிடம் காரணம் கேட்டால், "திட்டுவீர்கள் என்று வரவில்லை" என்கிறார்கள். திட்ட மாட்டோம், உணவுக் குறிப்பேட்டை மட்டும் எடுத்து வாருங்கள், கொறித்ததையும் எழுதி.