திருவிழாவில் ஆடும் பெண்களைத் தனியாகச் சந்திக்கலாமா?

வேலூர் பக்கம் ஆடல் பாடல் நிகழ்ச்சியில் ஆடும் பெண்களை, வெளிநாட்டு ஸ்ட்ரிப் கிளப் (ஆடை களைந்து ஆடும் கிளப்) மாதிரி, பிறகு பணம் கொடுத்துச் சந்திக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில், அங்கேயே அப்படி இல்லை. அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் நகரம் இருக்கும் கிளார்க் கவுண்டியில்கூடப் (மாவட்டம் மாதிரி) பணத்துக்கு உடலுறவு குற்றம்தான். ஆடுவது ஒரு வேலை. அதற்கு மேல் எதற்கும் அது சம்மதம் ஆகாது.

நம் ஊருக்கு வருவோம். 1956-ஆம் ஆண்டு விபசாரத் தடுப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவுப்படி, கோயில், பள்ளி, மருத்துவமனையிலிருந்து 200 மீட்டருக்குள் பாலியல் தொழில் நடந்தால் பெண்ணோடு போனவருக்கும் மூன்று மாதம் வரை சிறை. திருவிழா மேடை பெரும்பாலும் கோயிலுக்கு எதிரேதானே போடுகிறார்கள்? பெண்ணை ஏற்பாடு செய்து தரும் ஏஜெண்டுக்குத் தண்டனை இன்னும் கடுமை. விரும்பி இத்தொழிலில் இருக்கும் பெண்ணைப் போலீஸ் துன்புறுத்தக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொன்னது. அது அவர்களுக்கான பாதுகாப்பு, வாடிக்கையாளருக்கான அனுமதி இல்லை.

குடியாத்தம் பக்கத்துக் கிராமத்தில் விழாக் குழுவில் இருந்தேன். நள்ளிரவு தாண்டி மேடைக்குப் பின்னால் வேனில், ஜன்னலுக்குப் புடவை கட்டி, ஒரு பெண் வீங்கிய காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒருவன் ஐந்நூறு ரூபாய்த் தாளை ஜன்னலில் நீட்டினான். "அண்ணா, வண்டிய எடுக்கச் சொல்லுங்க" என்றாள் என்னிடம். எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. அடுத்த வருடம் வேனைத் தலைவர் வீட்டு வாசலுக்குள் நிறுத்தினோம். பெண்களுக்கான உதவி எண் 181.