மூத்தவர் ஏன் வெளியூர் போகிறார்?

கேள்வி: சென்னை உயர் நீதிமன்றத்தின் மூத்த நீதிபதி இங்கேயே தலைமை நீதிபதி ஆவதில்லை. வேறு மாநிலத்திலிருந்து ஒருவர் வந்து அமர்கிறார். இது தமிழருக்கு அநீதி அல்லவா?

பதில்: அல்ல. குஜராத்திக்கும் வங்காளிக்கும் இதே விதிதான். தன் முறை வரும்போது மூத்தவர் வேறொரு நீதிமன்றத்துக்குத் தலைமை ஏற்கப் போவார். ஓய்வுபெற ஓராண்டோ அதற்குக் குறைவோ இருந்தால் மட்டும் சொந்த நீதிமன்றத்திலேயே அவர் பெயரைப் பரிசீலிக்கலாம். எந்த வழக்கு யாரிடம் போக வேண்டும் என்று பட்டியல் போடுபவர் தலைமை நீதிபதி. அடுத்த மூத்தவர் இருவருடன் கூடி, புதிய நீதிபதிகளின் பெயர்களைப் பரிந்துரைப்பவரும் அவரே. உடன் வாதாடியவர்கள், ஜூனியராக இருந்தவர்கள் எல்லாம் சுற்றி நிற்கும் வளாகத்தில் இந்த இரண்டு அதிகாரமும் வெளியாளிடம் இருப்பதே நல்லது.

வெளியே போவது தண்டனையும் அல்ல. ஆர். பானுமதி 1988-இல் நேரடித் தேர்வில் மாவட்ட நீதிபதியானவர். 2003-இல் சென்னை உயர் நீதிமன்றம், 2013 நவம்பரில் ஜார்க்கண்ட் தலைமை நீதிபதி, ஒன்பதே மாதத்தில் உச்ச நீதிமன்றம்.

அநீதி வேறு இடத்தில் இருக்கிறது. உயர் நீதிமன்ற நீதிபதிக்கு ஓய்வு வயது 62. பதவியேற்ற நாளிலிருந்துதான் பணிமூப்பு. வக்கீலாக இருந்து 47 வயதில் வந்தவருக்குப் பதினைந்து ஆண்டு கிடைக்கும். கீழமை நீதிமன்றங்களில் உழைத்து 57-இல் வந்தவருக்கு ஐந்தே ஆண்டு. அவர் பெயர் மூப்புப் பட்டியலின் மேல்வரிசைக்கு வருவதற்குள் விடைபெறும் நாள் வந்துவிடும். மூத்தவரும் பெரும்பாலும் அறுபதை ஒட்டித்தான் தலைமைக்கு வருகிறார். புது ஊர், புது மொழி, யார் எப்படி வாதாடுவார் என்பதே பிடிபட ஓராண்டாகும். அப்போது ஓய்வோ அடுத்த மாறுதலோ வாசலில் நிற்கும். அந்த ஓராண்டில் அவர் பரிந்துரைக்கும் வக்கீல்களை அவருக்கு எவ்வளவு தெரிந்திருக்கும்?

அடுத்தது மாறுதல். நீதிபதியின் சம்மதம் தேவையில்லை என்பது தீர்ந்துபோன சட்டம். 2019-இல், 75 நீதிபதி இடங்கள் கொண்ட சென்னையிலிருந்து, விரல்விட்டு எண்ணும் நீதிபதிகளே உள்ள மேகாலயாவுக்குத் தலைமை நீதிபதி விஜயா தஹில்ரமானியை மாற்றப் பரிந்துரைத்தது கொலீஜியம், அதாவது உச்ச நீதிமன்ற மூத்த நீதிபதிகளின் குழு. மறுபரிசீலனை கேட்டார், மறுக்கப்பட்டது, ராஜினாமா செய்தார். தேவைப்பட்டால் காரணத்தை வெளியிடக் கொலீஜியத்துக்குத் தயக்கமில்லை என்று அறிக்கை மட்டும் வந்தது. 2021-இல் அப்போதைய சென்னைத் தலைமை நீதிபதி சஞ்ஜிப் பானர்ஜிக்கும் அதே மேகாலயா.

ஆத்திரப்படுவதானால் இதற்கு ஆத்திரப்படுங்கள். தலைமை நீதிபதிக்குக் குறைந்தது இரண்டாண்டு, ஒவ்வொரு மாறுதலுக்கும் எழுதி வெளியிட்ட காரணம்: இவை இரண்டையும் கேளுங்கள்.